இலங்கைக்கு டூர் போறவங்களுக்கும், போகாதேன்னு சொல்றவங்களுக்கும்...

ரொம்ப நாளா கடையைத் தொறக்கவே இல்ல. அறுவடை, நெல்லு காய வைக்கிறது, நடுவுல பொண்ணுக்குப் பரீட்சைன்னு நாள் ஓடிப்போச்சு. இன்னைக்கும் எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் படிச்ச ரெண்டு பதிவுதான் வயித்தெரிச்சலைக் கிளப்பிடுச்சு.

ரெண்டுமே நமக்கு நல்லாத் தெரிஞ்ச நண்பர்கள் எழுதினது. பேரைச் சொன்னா ரெண்டு பக்கத்துல இருந்தும் ஆட்டோ வரும், அதனால சொல்லல :-)

முதல் நண்பர், இலங்கைக்கு அஞ்சு நாள் நாலு ராத்திரி டூர் போய்ட்டு வந்து படமா போட்டுத் தள்ளியிருக்கார். கடற்கரை, யானை, ரயில், தேயிலை மலை. கடைசியில "இயற்கை அன்னையின் கொடை, அதான் உலகமே அங்க போகுது"ன்னு முடிச்சிருக்கார். ரெண்டாவது நண்பர் அதுக்கு எதிர்ப்பதிவு. "தமிழன் செத்த மண்ணுல போய் கும்மாளமா, உனக்கெல்லாம் சொரணையே கிடையாதா"ன்னு கிழிச்சிருக்கார். ரெண்டு கடையிலயும் நல்ல கும்மி.

எனக்கு ரெண்டு பேர் மேலயும் கோவம். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

மொதல்ல கேள்வியை ஒழுங்கா கேட்போம். அந்தத் தீவு வாங்காத அடியா? 2004 டிசம்பர்ல சுனாமி, முப்பதாயிரத்துக்கு மேல உயிர் போச்சு. 1983-ல ஆரம்பிச்சு 2009 மே வரைக்கும் யுத்தம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் அன்னைக்கு சர்ச்லயும் ஹோட்டல்லயும் குண்டு. அப்புறம் கொரோனா. 2022-ல கஜானா காலி, பெட்ரோலுக்கு நாள் கணக்குல கியூ, ஜனாதிபதி மாளிகைக்குள்ள ஜனம் புகுந்து நீச்சல் குளத்துல குளிச்சதை நாம எல்லாரும் டிவியில பாத்தோம். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல், 600 பேருக்கு மேல பலி, மண்சரிவுல மலையகம் பெரிய அடி வாங்குச்சு.

இத்தனைக்கும் நடுவுல டூரிஸ்ட் கணக்கைப் பாருங்க. யுத்தம் முடிஞ்ச 2009-ல வந்தவங்க நாலரை லட்சத்துக்கும் கம்மி. 2018-ல 23 லட்சம். கொரோனாவுல 2021-ல ரெண்டு லட்சத்துக்கும் கீழ விழுந்துச்சு. 2024-ல மறுபடி 20 லட்சத்தைத் தாண்டிடுச்சு. அதுல நாலு லட்சத்துக்கு மேல நம்ம இந்தியர்கள்தான், நாமதான் முதலிடம். விழுறதும் எழுறதும் அந்த ஊருக்குப் பழகிப்போச்சு.

ஏன்? "இயற்கை அன்னை"ன்னு சொன்னா போதாது நண்பரே. கொஞ்சம் விவரமா பார்ப்போம்.

ஒண்ணு, மழை. அந்தத் தீவுக்கு ரெண்டு பருவமழை. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து. அது கொழும்பு, காலி, பெந்தோட்டைன்னு மேற்கையும் தெற்கையும் நனைக்கும். நடுவுல மலை நிக்குது பாருங்க, அது மழையைப் புடிச்சு வச்சுக்கும். அதனால அதே நேரத்துல கிழக்குக் கரையில திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்பை எல்லாம் காய்ஞ்சு கெடக்கும், கடலும் அமைதியா இருக்கும். டிசம்பர் மாசம் அப்படியே தலைகீழ். வடகிழக்குக் காத்து கிழக்கை நனைக்கும், மேற்கும் தெற்கும் வெயில் அடிக்கும். ஆக வருஷத்துல பெரும்பாலான மாசங்கள்ல ஏதோ ஒரு கரையில வெயில் உண்டு. ஹோட்டல்காரனுக்கு இதை விட என்ன வேணும்?

ரெண்டு, அளவு. மொத்தத் தீவும் 65,610 சதுர கிலோமீட்டர். நம்ம தமிழ்நாட்டுல சரிபாதி. அதுக்குள்ள கடல், காடு, யானை, ரெண்டாயிரம் வருஷத்து ஏரிகள், 1,868 மீட்டர் உசரத்துல நுவரெலியா எல்லாம் இருக்கு. காலையில கடற்கரையில வேர்த்து ஊத்தும், சாயங்காலம் ஸ்வெட்டர் தேடணும்.

மூணு, காசு. 2022-ல ஒரு டாலர் 200 இலங்கை ரூபாயில இருந்து நாலஞ்சு மாசத்துல 360-க்குப் போச்சு. உள்ளூர்க்காரனுக்கு வயித்துல அடி, வெளியூர்க்காரனுக்கு தள்ளுபடி விற்பனை. நம்ம ஒரு ரூபாய்க்கு அவங்க ரூபா மூணரை. சென்னையில இருந்து பிளைட் ஏறினா ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள கொழும்பு. உத்திரமேரூர்ல பஸ் ஏறி தாம்பரம் போய்ச் சேரவே அதை விட அதிக நேரம் ஆவுது.

இதெல்லாம் சரி. ஆனா வெயிலும் கடலும் மாலத்தீவுல இல்லையா, பாலியில இல்லையா, நம்ம அந்தமான்லதான் இல்லையா? இலங்கைன்னதும் விளம்பரத்துல வர்ற படம் எது? யோசிச்சுப் பாருங்க. பச்சைப் பசேல்னு மலை, அதுல வளைஞ்சு போற நீல ரயில், முன்னால கூடையைத் தலையில மாட்டிக்கிட்டு சிரிக்கிற ஒரு பொம்பளை.

நண்பரே, அந்த மலையை இயற்கை அன்னை கொடுக்கல. அது காடா இருந்தது. அந்தக் காட்டை வெட்டினது நம்ம ஆளுங்க. அந்தப் பொம்பளை பேசறது தமிழ்.

1820-களுக்கு அப்புறம் காப்பித் தோட்டத்துக்குன்னு வெள்ளைக்காரன் கங்காணிகளை வச்சு நம்ம பக்கத்துல இருந்து ஆள் புடிச்சான். பஞ்சமும் சாதிக் கொடுமையும் தொரத்தின ஜனம், மன்னார்ல கரை எறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடந்தே போனாங்க. காலராவுலயும் காய்ச்சல்லயும் வழியிலயே செத்தவங்களுக்குக் கணக்கே இல்ல. 1869-ல காப்பிச் செடிக்கு நோய் வந்து எல்லாம் போச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1867-ல, ஜேம்ஸ் டெய்லர்னு ஒருத்தர் லூல்கந்துரைங்கிற தோட்டத்துல தேயிலை போட்டிருந்தார். அப்புறம் மலை முழுக்கத் தேயிலை. ரோடு போட்டது, ரயில் பாதைக்கு மண்ணு சுமந்ததுலயும் நம்ம ஜனம் உண்டு. 2023-ல, வந்து 200 வருஷம் ஆச்சுன்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் அந்த மக்கள் ஒரு நடைபயணம் போனாங்க. நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு அந்தச் செய்தி தெரியும்?

எனக்கு இது புத்தகத்துல படிச்ச விஷயம் இல்ல. எங்க தெருவுல ஒரு தாத்தா இருந்தார். எங்க ஆயாவுக்குத் தம்பி முறை. ஊரே அவரை "சிலோன் தாத்தா"ன்னுதான் கூப்பிடும். அட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல பொறந்து வளந்தவர். 1973-ல குடும்பத்தோட ராமானுஜம் கப்பல்ல ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம்ல இருந்து, கோத்தகிரி பக்கம் கொஞ்ச நாள் வேலை பாத்து, கடைசியா சொந்தபந்தம் இருக்குன்னு எங்க ஊருக்கு வந்து சேந்தார். பால் இல்லாத டீதான் குடிப்பார், "சாயத்தண்ணி"ம்பார். உள்ளங்கையில சக்கரையை வச்சு நக்கிக்கிட்டே குடிப்பார். சின்ன வயசுல நாங்க அதைப் பாத்து சிரிப்போம். இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

அவர் ஏன் வந்தார்? ஆசைப்பட்டு வரல. 1948-ல சுதந்திரம் வந்த அதே வருஷம் அங்க குடியுரிமைச் சட்டம்னு ஒண்ணு போட்டு, மலையகத் தமிழர்கள்ல பெரும்பாலானவங்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவங்களா ஆக்கிட்டாங்க. அடுத்த வருஷம் ஓட்டும் போச்சு. 1964 அக்டோபர்ல சாஸ்திரியும் சிறிமாவோவும் உக்காந்து ஒப்பந்தம் போட்டாங்க. மொத்தம் 9,75,000 பேர். அதுல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒண்ணரை லட்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்னு. 1974-ல அந்த மீதியையும் ஆளுக்குப் பாதின்னு பிரிச்சுக்கிட்டாங்க. களத்துமேட்டுல நெல்லு மூட்டையைப் பங்கு பிரிக்கிற மாதிரி! ஒப்பந்தம் போடறப்ப அந்த ஜனத்தை ஒரு வார்த்தை யாரும் கேக்கல. மிச்சம் மீதி இருந்த எல்லாருக்கும் அங்க குடியுரிமை கிடைக்க 2003 வரைக்கும் ஆச்சு.

"அங்க எங்களை இந்தியாக்காரன்னான், இங்க வந்தா சிலோன்காரன்றான்"னு தாத்தா அடிக்கடி சொல்வார். சாகற வரைக்கும் எங்க ஊருக்கு அவர் சிலோன்காரர்தான்.

இப்ப எங்க ஊர்க் கதைக்கு வரேன். உத்திரமேரூர்னா உடனே எல்லாரும் குடவோலைன்னு சொல்வீங்க. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921. முப்பது குடும்புல ஓலை எழுதிக் குடத்துல போட்டு ஆள் எடுத்த விவரம் அத்தனையும் இருக்கு. ஊர் எல்லைக்குள்ள வந்தாலே "உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் குடுத்த மண்ணு"ன்னு மைக்ல பேசுவாங்க. ஆனா அதே கல்வெட்டுல யாரு நிக்கலாம்னும் இருக்கு. வரி கட்டற சொந்த நிலம் கால் வேலியாவது வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதம் படிச்சிருக்கணும். கூலிக்காரனுக்கு அந்தக் குடத்துல ஓலை கிடையாது. ஆயிரம் வருஷம் கழிச்சு அந்தக் கூலிக்காரனோட வாரிசுங்க கடல் தாண்டிப் போனா அங்கயும் ஓட்டு கிடையாது. குடவோலைப் பெருமை பேசற எங்க ஊருக்குள்ளயே ஓட்டைப் பறிகொடுத்துட்டு வந்த ஒரு மனுஷன் இருந்தார். அவர்கிட்ட ஒரு தடவை கூட யாரும் அதைப் பத்திக் கேட்டதில்ல. நானும்தான்.

சரி, நானும் யோக்கியன் இல்ல. 2024-ல நண்பர்கள் மூணு பேரோட நானும் அந்த டூர் போனவன்தான். முதல் நண்பர் போட்ட அதே படங்கள் என்கிட்டயும் இருக்கு. நுவரெலியா போற வழியில வண்டியை நிறுத்தினாங்க. ரோட்டோரம் கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த அம்மா ஒருத்தங்க, போட்டோவுக்கு நிக்கிறதுக்கு 200 ரூபா, அவங்க காசுல. எங்காளு ஒருத்தன் கூடையைத் தன் தலையில மாட்டிக்கிட்டு போஸ் குடுத்தான். அந்தம்மா என்னைப் பாத்து "எந்த ஊருங்க தம்பி?"ன்னாங்க. காஞ்சிபுரம் பக்கம்னேன். "எங்க தாத்தாவோட அப்பா ஆற்காடு பக்கம்னு சொல்வாங்க. ஆற்காடு ஒங்களுக்குக் கிட்டவா?"ன்னு கேட்டாங்க.

கிட்டதான்னு சொன்னேன். அதுக்கு மேல என்ன பேசறதுன்னு தெரியல. டிரைவர் ஹாரன் அடிச்சார். ஏறிட்டோம். அந்தம்மா பேரைக் கூட நான் கேக்கல. படம் மட்டும் இருக்கு, நல்லா வந்திருக்கு, எல்லாரும் லைக் போட்டாங்க.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் கணக்குப் பாத்தேன். 2024-ல தோட்டத் தொழிலாளிக்கு அடிப்படை நாள் சம்பளம் 1,350 இலங்கை ரூபாய்க்கு வந்துச்சு. அதுக்கே வருஷக்கணக்குல போராட்டம். நம்ம காசுல 380 ரூபா கிட்ட. எங்க ஊரு நூறு நாள் வேலைக்கே அந்த வருஷம் 319 ரூபா. ஆனா அது மலைச்சரிவுல, அட்டைக்கடியில, மழையில நின்னு, 18 கிலோ 20 கிலோன்னு தோட்டத்துக்குத் தோட்டம் சொல்ற கணக்குக்குக் கொழுந்து எடுத்தாத்தான். எடை கொறைஞ்சா அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். தங்கறது வெள்ளைக்காரன் கட்டின லயத்துல, பத்துக்குப் பன்னெண்டு அடி ரூம்ல ஒரு குடும்பம். இன்னும் ஏகப்பட்ட பேர் அதுலதான் இருக்காங்க. அதே மலையில பழைய துரை பங்களாக்கள் இன்னைக்கு சொகுசு ஹோட்டல். சில இடத்துல ஒரு ராத்திரி வாடகை, அந்தம்மாவுக்கு மாசக்கணக்குச் சம்பளம்.

இப்ப ரெண்டாவது நண்பருக்கு வர்றேன். அண்ணே, ஒங்க கோவம் எனக்குப் புரியுது. 2009 எல்லாருக்கும் வலிச்சதுதான். டூரிஸ்ட் காசு ராணுவத்துக்கும் போகுதுன்னு நீங்க சொல்றதும் பொய்யில்ல. காங்கேசன்துறையில ராணுவமே நடத்தற ஹோட்டல் இருக்கு. 1990-ல இருந்து ஜனத்தை வெளியேத்தி உயர் பாதுகாப்பு வலயம்னு வேலி போட்ட பகுதி அது. அங்க ரூம் போடாதேன்னு சொல்லுங்க, நானும் கூட நின்னு சொல்றேன்.

ஆனா "யாருமே போகாதே"ன்னு நீங்க சொல்றப்ப யாரு வயித்துல அடிக்கிறீங்கன்னு பாத்தீங்களா? ஈஸ்டர் குண்டுக்கப்புறமும் கொரோனாவுலயும் டூரிஸ்ட் வராம நின்னப்ப மொதல்ல காஞ்சது யாரு? ஆட்டோக்காரர், கைடு, ஹோட்டல்ல பாத்திரம் கழுவற மலையகத்துப் பையன், யாழ்ப்பாணத்துல ரெண்டு ரூமை வாடகைக்கு விட்டுப் பொழைக்கிற குடும்பம். நீங்க சென்னையில ஏசி ரூம்ல உக்காந்து பகிஷ்கரிக்கிறதுக்கான விலையை அவங்க கட்டறாங்க. அவங்ககிட்ட கேட்டீங்களா? 1964-ல கேக்காம முடிவெடுத்ததுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ஒங்க பதிவுல "தமிழன் மண்"ணுன்னு பதினஞ்சு தடவை வருது, மலையகம்ங்கிற வார்த்தை ஒரு தடவை கூட வரல.

முதல் நண்பரோ படம் படமா போட்டிருக்கார். அந்தப் படத்துல இருக்கற ஆள் யாருன்னு ஒரு வரி எழுதல. ஒருத்தர் போய்ப் பாத்தும் பாக்கல, இன்னொருத்தர் போகாமலே திட்டறார். ரெண்டு பதிவுலயும் அந்தம்மா இல்ல. என் கோவம் இதுதான்.

எங்க ஊர்ல இருந்து வேடந்தாங்கல் கிட்டதான், இப்ப செங்கல்பட்டு மாவட்டத்துல இருக்கு. வருஷா வருஷம் எங்கெங்கயோ இருந்து பறவைங்க வெதுவெதுப்பான தண்ணி தேடி வருது. வெள்ளைக்காரன் டிசம்பர்ல இலங்கைக்கு ஓடற மாதிரிதான். அந்த ஊர் ஜனம் தலைமுறை தலைமுறையா அதுங்களைப் பாதுகாக்குது. 1798-லயே கலெக்டர்கிட்ட, பறவையை யாரும் சுடக்கூடாதுன்னு எழுதி வாங்கினவங்க. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கிறதையே விட்டவங்க. சும்மா இல்ல, காரணம் இருக்கு. பறவை எச்சம் ஏரித் தண்ணியில கலந்து கழனிக்குப் பாயுது, வெளைச்சலுக்கு உரம். வந்து தங்கற பறவை எடம் குடுத்த ஊருக்கு எதையோ விட்டுட்டுப் போகுது, அதனால ஊரும் அதைக் காப்பாத்துது.

பறவைக்குத் தெரிஞ்ச இந்தக் கணக்கு நமக்குத் தெரிய வேணாமா? அந்த மலையோட அழகுல பாதி நம்ம ஜனத்தோட வேர்வை. அதைப் பாக்கப் போறோம், ரசிக்கிறோம், ஹோட்டல்காரனுக்கும் பிளைட்காரனுக்கும் காசு குடுக்கறோம். மலையில நிக்கிறவங்களுக்கு 200 ரூபா, அதுலயும் பேரம்!

போங்க மக்களே. தாராளமா போங்க. ஆனா நுவரெலியாவுல ஒரு மணி நேரம் எறங்கி ஏறாம, அட்டன், தலவாக்கலை, பதுளை பக்கம் ஒரு ராத்திரி தங்குங்க, நம்ம ஆளுங்க நடத்தற சின்ன விடுதியில. அவங்க கடையில ரொட்டி சாப்பிடுங்க. லயத்தைப் பாக்கணும்னா கேட்டுட்டுப் போங்க, அது அவங்க வீடு, மியூசியம் இல்ல. படம் எடுத்தா பேரைக் கேளுங்க. எந்த ஊருன்னு அவங்க கேட்டா, வண்டி ஹாரன் அடிச்சாலும் நின்னு பதில் சொல்லுங்க. வந்து பதிவு போடறப்ப யானைக்கு ஒரு பாரா குடுத்தா அவங்களுக்கு ரெண்டு பாரா குடுங்க. இது புரட்சி இல்லதான். ஆனா நாலு லட்சம் இந்தியர்ல தமிழ் தெரிஞ்சவங்க மட்டும் இதைச் செஞ்சாலே கொஞ்சம் மாறும்னு நெனைக்கிறேன்.

மறுபடி ஒரு தடவை போகணும். இந்த முறை சிலோன் தாத்தா பொறந்த தோட்டத்தைத் தேடிப் போறதா இருக்கேன். தோட்டத்துப் பேரு அவர் பழைய பாஸ்போர்ட்ல இருக்கு, அவர் பேத்தி எடுத்துக் குடுத்துச்சு. போற வழியில அந்த ரோட்டோரமும் எறங்கணும். அந்தம்மா அங்க இருப்பாங்களான்னு தெரியாது, புயலுக்கப்புறம் அந்தப் பக்கம் எப்படி இருக்குன்னும் தெரியாது. இருந்தா பேரைக் கேக்கணும். ஆற்காடு எங்க ஊர்ல இருந்து எவ்வளவு தூரம்னு சொல்லணும்.

டிஸ்கி: இது ரெண்டு நண்பர்களையும் நோகடிக்க எழுதினது இல்ல. நொந்திருந்தா உத்திரமேரூர் வாங்க, கல்வெட்டைக் காட்டி, ஆளுக்கொரு சாயத்தண்ணி வாங்கித் தரேன். சக்கரை உள்ளங்கையில :-)